டொபிக்காக அழ யாருக்கு உரிமை?

கேள்வி: எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு 13 வயது, தரம் 8, ஆங்கில மொழிமூலம். மந்திரப் பள்ளிக்கூடத்துப் பையன் ஹரி பொட்டரின் புத்தகங்கள் ஏழையும் இரண்டு தடவை வாசித்து முடித்தவள். மகன் தரம் 5, தமிழ் மொழிமூலம், இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. அவன் படங்களை மட்டும் தமிழ்க் குரலில் பார்த்திருக்கிறான். அக்காவின் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தும் பார்த்தேன், பத்து நிமிடத்தில் கொட்டாவி விடுகிறான், படம் பார்த்தே பழகிவிட்டது. நாலாவது கதையில் ஹரிக்கு ஏதோ ஒரு பாசியைக் கொடுத்தது டொபி என்கிற குட்டி வேலைக்கார உருவம்தான் என்று இவளும், இல்லை கூடப் படிக்கிற நெவில்தான் என்று அவனும் போன மாதம் முழுக்கச் சண்டை. ஞாயிற்றுக்கிழமை டொபி சாகிற இடத்தைப் பார்த்துவிட்டு மகன் அழுதான். "நீ அதை ரெண்டே ரெண்டு படத்திலதானே பார்த்தனி, உனக்கென்ன அழுகை" என்று மகள் சிரித்துவிட்டாள். அவன் அவளுடைய புத்தகம் ஒன்றை எடுத்து முற்றத்தில் எறிந்தான். அவள் எல்லாவற்றையும் அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பைக் கழுத்துச் சங்கிலியில் கோர்த்துக்கொண்டு திரிகிறாள். மூன்று நாளாக இருவருக்கும் பேச்சு இல்லை. மாமி, சூனியக் கதை வீட்டுக்குள் வந்ததால் வந்த வினை என்கிறா. கணவர் கட்டாரிலிருந்து போனில், எங்களிடம் இல்லாத கதையா, வெள்ளைக்காரன் கதை எதுக்கு என்கிறார். உண்மையில் புத்தகம் சரியா, படம் சரியா? பரீட்சை முடியும்வரை இரண்டையும் நிறுத்திவிடட்டுமா?
ஒரு தாய், உப்புவெளி

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடிதத்தை வாசித்துவிட்டு முதலில் சிரித்துவிட்டேன், கோபிக்க வேண்டாம். நூலகத்தில் சிறுவர் பகுதியில் 22 வருடமாக இருக்கிறேன். என்னிடம் வருகிற தாய்மாரில் பத்துக்கு ஒன்பது பேர் சொல்வது "மிஸ், பிள்ளை புத்தகத்தைத் தொடுறானில்லை, போனோடயே கிடக்கிறான்" என்பதுதான். கற்பனைக் கதை ஒன்றில் யார் யாருக்குப் பாசி கொடுத்தது என்று ஒரு மாதம் சண்டை பிடிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீட்டைப் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அந்தப் புத்தகம் முற்றத்தில் விழுந்தது மட்டும் கொஞ்சம் நெஞ்சைச் சுட்டது, அது தொழில் புத்தி.

முதலில் அந்தப் பாசி வழக்கை முடித்துவிடுவோம், ஏனென்றால் அதில் இரண்டு பேரும் சரி. அதன் பெயர் கில்லிவீட். தின்றால் ஒரு மணி நேரத்துக்கு மீன் மாதிரிச் செவுள் முளைத்து, தண்ணீருக்குள் மூச்சு விடலாம். புத்தகத்தில் அதைக் கடைசி நேரத்தில் ஓடிவந்து ஹரியின் கையில் வைப்பது டொபி. படத்தில் கொடுப்பது நெவில். உங்கள் மகள் "படம் பொய் சொல்லுது" என்று சொல்லியிருப்பாள், அவளிடம் நான் கேட்டதாக ஒன்று கேளுங்கள்: புத்தகத்தின் கடைசியில் வில்லன் தன் திட்டத்தையெல்லாம் கக்குகிறானே, அங்கே நெவிலைப் பற்றி என்ன சொல்கிறான்? அந்தப் பாசியைப் பற்றிய புத்தகத்தை நெவிலின் கையில் ஏற்கனவே கொடுத்துவைத்தது தான்தான் என்கிறான். ஹரி வாயைத் திறந்து நெவிலிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். கேட்கவில்லை. அதனால்தான் டொபி தேவைப்பட்டது. ஆகவே படம் எடுத்தவர்கள் இல்லாத ஒன்றைப் புகுத்தவில்லை, புத்தகத்துக்குள்ளேயே கிடந்த, ஹரி நடக்காமல் விட்ட வழியில் நடந்து பார்த்திருக்கிறார்கள். இரண்டு தடவை வாசித்தவள் இதைத் தவறவிட்டிருந்தால் மூன்றாவது தடவை வாசிக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

ஏன் அப்படி மாற்றினார்கள் என்றால், முழுக்கக் கணினியில் செய்யவேண்டிய ஒரு பாத்திரத்தை ஒரு பாசிக்காகக் கொண்டுவருவதைவிட, ஏற்கனவே பக்கத்தில் நிற்கிற பையனிடம் வேலையைக் கொடுப்பது சுலபம், அவ்வளவுதான் என்பது என் ஊகம். ஐந்தாவது கதையிலும் இதே கதைதான், இரகசிய அறையைப் பற்றிப் புத்தகத்தில் சொல்வது டொபி, படத்தில் கண்டுபிடிப்பது நெவில். பாவம் டொபி, இரண்டு தடவை வேலை பறிபோனது.

படத்துக்கு நேரக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. ஏழு புத்தகங்கள், 1997 முதல் 2007 வரை வந்தன. எட்டுப் படங்கள், 2001 முதல் 2011 வரை. புத்தகங்களில் ஆகப் பெரியது ஐந்தாவது, பிரிட்டன் பதிப்பில் 766 பக்கம், தலைக்கு வைத்துப் படுக்கலாம். அதிலிருந்து வந்த படம் 138 நிமிடம், எட்டில் மிகச் சிறியவற்றில் ஒன்று. மெலிந்த இரண்டாவது புத்தகத்துக்கோ 161 நிமிடம், அதுதான் இருப்பதிலேயே நீளமான படம். முதல் இரண்டு படத்தையும் எடுத்த கிறிஸ் கொலம்பஸ் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக மதித்தவர். மூன்றாவதை எடுத்த அல்ஃபொன்சோ குவாரோன் அந்தப் பயபக்தி எல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. நான்காவது மைக் நியூவெல், ஐந்திலிருந்து கடைசிவரை டேவிட் யேட்ஸ். நான்கு பேர், நான்கு கை. ஒரே சோற்றை நான்கு பேர் குழைத்தால் ஒரே ருசியாகவா இருக்கும்?

இது எங்களுக்கு ஒன்றும் புதிதில்லை. கிழக்கில் கூத்து என்றால் விடியவிடியத்தான். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, வட்டக்களரியில் ஆடியதை ஒரு பக்கம் திறந்த மேடைக்கு மாற்றி, நேரத்தைச் சுருக்கி, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்றெல்லாம் போட்டார். என் அப்பா அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து "ஆட்டம் சூடு பிடிக்குமுன்ன முடிச்சுப்போட்டாங்கள்" என்று அம்மாவிடம் முறைப்பட்டாராம். நான் பிறந்து வளர்ந்த பிறகும் அதே மனிதர், அன்றைக்கு இராவணன் மேடைக்கு வந்து நின்ற நிலையைத் திண்ணையில் எழும்பி நின்று எங்களுக்குக் காட்டுவார். முறைப்பாடும் உண்மை, காட்டியதும் உண்மை. உங்கள் வீட்டில் முறைப்பாட்டை ஒரு பிள்ளையும் ஆட்டத்தை ஒரு பிள்ளையும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மகளின் முறைப்பாட்டில் நியாயம் இருக்கிறது, அதைச் சும்மா "படம் படம்தானே" என்று தள்ளிவிடாதீர்கள். குறிப்பாக ஹரியின் நண்பன் ரொன் விசயத்தில் எனக்கே கோபம் உண்டு. மூன்றாவது புத்தகத்தில், பாழடைந்த வீட்டுக்குள், கால் முறிந்து கிடக்கிற ரொன் அந்தக் காலை ஊன்றி எழும்ப முயன்றுகொண்டு, ஹரியைக் கொல்ல வேண்டுமென்றால் எங்களையும் சேர்த்துத்தான் கொல்ல வேண்டும் என்கிறான். வலியில் முகம் வெளிறிப்போயிருக்கிறது, ஆனாலும் சொல்கிறான். படத்தில் அந்த வார்த்தையைப் பிடுங்கி அவர்களின் தோழி ஹெர்மாய்னியின் வாயில் வைத்துவிட்டார்கள், ரொன் வலியில் முனகுகிறான். இப்படி இங்கொன்று அங்கொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி, எட்டுப் படம் முடியும்போது ரொன் என்றால் சிரிப்புக்கு ஆள் என்று ஆகிவிட்டது. படம் மட்டும் பார்த்த பிள்ளைகளிடம் "ஹரியின் உயிர் நண்பன் ஏன் ரொன்?" என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள். நான்காவதில் பள்ளிக்கூடத்து அதிபர் டம்பிள்டோர், போட்டிக் கிண்ணத்தில் உன் பெயரை நீ போட்டாயா என்று ஹரியிடம் கேட்கிற இடமும் அப்படித்தான், புத்தகத்தில் அவர் அமைதியாகக் கேட்டார் என்று எழுதியிருக்கிறது, படத்தில் பாய்ந்து பிடித்து உலுக்குகிறார். உலகம் முழுக்க இதற்கு இன்னும் சிரிக்கிறார்கள்.

ஆனால் மகனும் சும்மா பார்த்தவன் இல்லை. தொடரின் கடைசிக்கு முந்திய படத்தில் மூன்று சகோதரர்களும் மரணமும் என்று ஒரு குட்டிக் கதை வரும், ஹெர்மாய்னி வாசிக்க, திரையில் நிழல் உருவங்கள் மெலிந்த நீண்ட கைகால்களோடு அசையும், தோற்பாவைக் கூத்தைப் பார்ப்பதுபோல. புத்தகத்தில் அந்தக் கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் படத்தில் பார்த்த பிறகு என்னால் அதை வேறு மாதிரி நினைக்க முடியவில்லை. மூன்றாவது படத்தில் ரயில் நின்று, யன்னல் கண்ணாடியில் பனி படர்ந்து, போத்தல் தண்ணீர் உறைந்துபோகிற அந்த நிமிடத்தையும் நான் எழுத்தில் அனுபவித்ததைவிடக் கண்ணால் பார்த்துத்தான் பயந்தேன். நான்காவதில் ஏரிக்கு அடியில் ஹரி நீந்துகிற காட்சியை உப்புவெளிக் கடலில் முங்கி எழும்புகிற பையன் எப்படிப் பார்த்திருப்பான் என்று யோசியுங்கள். அவனுக்குத் தண்ணீருக்குள் கண் திறந்தால் பச்சை எப்படி இருக்கும் என்று தெரியும். அவன் அக்கா அந்த அத்தியாயத்தை எந்தக் கதிரையில் இருந்து வாசித்தாளோ தெரியாது, இவன் அதற்குள் இறங்கிவிட்டான்.

அப்புறம் டொபி. (கதை தெரியாதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம்.) கணக்கின்படி மகள் சொன்னது சரி. படங்களில் டொபி இரண்டாவதில் வருகிறது, பிறகு ஏழாவதில் சாவதற்குத்தான் வருகிறது. புத்தகத்தில் இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு என்று ஐந்து புத்தகத்தில் கூடவே வருகிறது. இரண்டாவது கதையில் ஒரு சொக்ஸ் கிடைத்துத்தான் டொபி அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகிறது, அது இரண்டு பேருக்கும் தெரியும். பிறகு நான்காவது புத்தகத்தில் ஒரு நத்தார் காலையில் டொபி ஹரிக்குத் தானே பின்னிய சொக்ஸ் கொண்டுவருகிறது, ஒரு காலுக்குச் சிவப்பு, மற்றக் காலுக்குப் பச்சை, அதில் வேறு வேறு படம். ஹரி தன்னிடம் கிடந்த பழையதொரு சோடியைக் கொடுக்கிறான், டொபிக்கு அதுவே பெரிய வாழ்வு. கடைசியில் கடற்கரை வீட்டின் தோட்டத்தில் ஹரி மந்திரக்கோலைத் தொடாமல் மண்வெட்டியால் வேர்வை வழியக் குழி வெட்டி முடித்ததும், ரொன் குழியின் விளிம்பில் இருந்து தன் சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றி அந்த வெறுங்கால்களுக்குப் போட்டுவிடுகிறான். யாரும் எதுவும் விளக்கிச் சொல்வதில்லை. இடையில் வந்த சொக்ஸ் எல்லாம் தெரிந்தவருக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். உங்கள் மகளுக்கு அடைத்திருக்கிறது, அதனால்தான் "உனக்கென்ன அழுகை" என்று அவளுக்கு அவ்வளவு கோபம். தான் ஐந்து புத்தகம் நடந்து போய்ச் சேர்ந்த இடத்துக்குத் தம்பி பஸ்ஸில் வந்து இறங்கியதாக அவளுக்குப் படுகிறது.

சரி, ஆனால் இதையும் அவளிடம் சொல்ல வேண்டும்: இரண்டே தடவை பார்த்த ஒரு சின்ன உருவத்துக்காக அவன் அழுதான் என்றால், அவனுக்கு அந்த டொபியைப் பிடித்துப்போயிருக்கிறது, அவ்வளவு போதும். செத்த வீட்டுக்கு வருகிறவரிடம் "எத்தனை வருடப் பழக்கம்" என்று கேட்டா உள்ளே விடுகிறோம்? இதை நீங்கள் அவளிடம் தனியாகச் சொல்லுங்கள், அவன் முன்னால் வேண்டாம். அவன் முற்றத்தில் எறிந்த புத்தகத்தைத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும், அது வேறு கணக்கு, இரண்டையும் சேர்த்து "ரெண்டு பேரிலும் பிழை" என்று மொத்தமாகத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் வேறு. "அக்காவின் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன், பத்து நிமிடத்தில் கொட்டாவி" என்று எழுதியிருக்கிறீர்கள். அக்காவின் புத்தகம் ஆங்கிலம். தம்பி தமிழ் மொழிமூலம், தரம் 5. அவன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் தன் பெயரையும் குடும்பத்தையும் பற்றி ஐந்து வசனம் எழுதுகிற நிலையில் இருப்பான், அவன் கையில் பெரியவர்களே அகராதி தேடுகிற புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, படம் பார்த்துக் கெட்டுப்போனான் என்கிறோம். பத்து நிமிடம் வைத்திருந்தானே, அதுவே பெரிது. இதை நான் மேசையில் இருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்: தாய் பெருமையாக ஆங்கிலப் புத்தகம் எடுத்துக் கொடுப்பா, பிள்ளை இரண்டு வாரம் கழித்து அதே பக்கத்தில் அடையாளக் கடதாசியோடு திருப்பிக் கொண்டுவரும், முகத்தில் களவு செய்தவனைப்போல ஒரு பார்வை. அந்தப் பிள்ளைக்குத் தன்னால் வாசிக்க முடியாது என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் அவனுக்கு வராதது ஆங்கிலம், வாசிப்பு இல்லை.

நாங்கள் பாவிக்கிற ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள், தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் அவனுக்கு இன்னும் கனம், யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். இரண்டு மூன்று விரல் மட்டும் மடங்கினால் சரியான புத்தகம். இதைத் தமிழ்ப் புத்தகத்திலும் செய்து பாருங்கள், அப்போதுதான் அவன் நிலை தெரியும்.

ஹரி பொட்டருக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இந்தியாவில் வந்திருக்கிறது, அங்கே 'ஹாரி பாட்டர்' என்று போட்டிருப்பார்கள், தடுமாற வேண்டாம். நம் ஊர்க் கடைகளில் எப்போதும் இருக்கும் என்று சொல்ல மாட்டேன், சொல்லிவைத்து எடுப்பிக்க வேண்டி வரலாம். அது வருகிறவரை இருப்பதை வைத்துச் செய்யலாம்: மகள் வாசிக்கட்டும், தம்பி கேட்கட்டும். ஆங்கிலத்தைப் பார்த்து அவள் தன் தமிழில் சொல்ல வேண்டும், நம் வீட்டுத் தமிழில். இரவில் படுக்குமுன் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம், நல்ல இடத்தில் நிறுத்தத் தெரிந்தால் மறுநாள் அவனே வந்து கேட்பான். அவளுக்கும் இது சும்மா சேவகம் இல்லை. ஒரு வசனத்தைத் தம்பிக்குப் புரியும்படி தமிழில் சொல்லப் போகும்போதுதான் தனக்கு அது உண்மையில் புரிந்ததா என்று தெரியவரும்.

முதலில் புத்தகமா, முதலில் படமா என்று ஆட்கள் பெரிய கொள்கை மாதிரிக் கதைப்பார்கள். வாசிப்பு ஓடுகிற பிள்ளைக்கு முதலில் புத்தகம், சந்தேகமில்லை, அது தன் மனத்தில் ஒரு முகத்தைக் கட்டிக்கொள்ளட்டும். வாசிப்புத் தட்டுத்தடுமாறுகிற பிள்ளைக்கு முதலில் படம் பார்த்தது பெரிய உதவி, யார் எவர், எந்த இடம், அடுத்தது என்ன என்பதெல்லாம் தெரியும், இனிச் சொற்களோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும். உங்கள் மகன் எட்டுப் படத்தையும் பார்த்திருப்பது அவனுக்கு இப்போது கைமுதல்.

பரீட்சைக்காக நிறுத்துவதா? படத்தைக் குறைக்கலாம், அது நேரம் தின்னும். பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்ப்பதை வார இறுதிக்கு ஒதுக்கிவிடுங்கள். கதை கேட்கிற பத்து நிமிடத்தை நிறுத்தாதீர்கள். காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன், இரவு கடந்தகால வினாத்தாள் என்று ஓடுகிற பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடம்தான் மூச்சு. வினாத்தாளிலும் ஒரு பந்தியைக் கொடுத்து அதிலிருந்துதானே கேட்கிறார்கள், "புத்தகத்தில் ஏன் டொபி, படத்தில் ஏன் நெவில்" என்று ஒரு மாதம் வாதாடியவனுக்கு அதில் என்ன பயம்.

மாமியின் பேச்சை எடுத்தெறிந்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் சூனியம், செய்வினை என்பது கதைப் புத்தகத்து விசயம் இல்லை, அதற்குப் பயந்து வாழ்ந்த தலைமுறை அவருடையது. அந்தப் பயம் இங்கே மட்டும் இருப்பதும் இல்லை. அமெரிக்காவில் பெற்றோரும் மதக் குழுக்களும் நூலகங்களிலிருந்து அகற்றச் சொன்ன புத்தகங்களின் பட்டியலில் 2000 முதல் 2009 வரையான பத்தாண்டுக்கு முதலிடம் இந்தத் தொடருக்குத்தான், அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட பட்டியல் அது. ஆனால் மாமிக்கு ஒன்றைச் சொல்லிப் பாருங்கள்: இந்தக் கதையில் யாரும் பேயைக் கூப்பிடுவதில்லை, எலுமிச்சம்பழம் வெட்டுவதில்லை. மந்திரம் அங்கே ஒரு பாடம். வீட்டுப்பாடம் உண்டு, வாத்தியார் ஏச்சு உண்டு, ஐந்தாம் வருடத்தில் ஓ.டபிள்யூ.எல். என்று ஒரு பரீட்சை உண்டு, அது பிரிட்டன் ஓ.எல்.லைக் கிண்டல் செய்து வைத்த பெயர், பிரிட்டனே அந்தப் பரீட்சையைக் கைவிட்ட பிறகும் நாங்கள் ஓ.எல்., ஏ.எல். என்று கட்டிக்கொண்டு அழுவதால் அந்தப் பகிடி எங்களுக்குத்தான் நன்றாகப் புரியும். ஏழாவது புத்தகத்தில் ஹரியின் தாய் தகப்பன் கல்லறையில் பொறித்திருக்கிற வரி பைபிளிலிருந்து எடுத்தது.

அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. மாமியிடம் கன்னியா வெந்நீரூற்றுக் கதையைக் கேளுங்கள். தாய் செத்தபோது கிரியை செய்யத் தண்ணீர் வேண்டி இராவணன் வாளால் ஏழு இடத்தில் குத்தினான், ஏழு கிணறு பொங்கியது, ஏழுக்கும் ஏழு சூடு என்று அவா கண்ணை விரித்துச் சொல்லுவா. கோணேசர் மலையில் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவைக் காட்டும்போதும் தாய்க்காக மலையையே பெயர்க்கப் பார்த்தான் என்பா. அதே இராவணன் கம்பனிடம் போனால் வேறு ஆள். ஒரே ஆளைப் பற்றி இரண்டு கதை, இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இந்த ஊரில் கோவிலுக்கும் போகிறோம், கம்பராமாயணமும் கேட்கிறோம். மாமி கதை சொல்லத் தொடங்கினால் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்துங்கள், பேசாமல் இருக்கிற இரண்டு பேருக்கும் ஒரே பாயில் இருக்க ஒரு சாட்டுக் கிடைக்கும்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. இந்தத் தொடரைத் தலையில் தூக்கி வைக்கவேண்டியதில்லை. ஹரோல்ட் புளூம் என்கிற பெரிய அமெரிக்க விமர்சகர் 2000ஆம் ஆண்டிலேயே முதல் புத்தகத்தை வாசித்துவிட்டுக் கிழித்துத் தொங்கவிட்டார், மூன்றரைக் கோடிப் பேர் வாங்கினாலும் பிழை பிழைதான் என்பதுபோல. எனக்கும் ஐந்தாவது புத்தகத்தில் இருநூறு பக்கத்தை வெட்டியிருக்கலாம் என்றுதான் தோன்றும். கதையில் துடைப்பக்கட்டையில் பறந்து ஆடுகிற விளையாட்டின் புள்ளிக் கணக்கு கிரிக்கெட் தெரிந்த எவருக்கும் எரிச்சலாக இருக்கும், கோல் ஒன்றுக்கு 10, ஆனால் ஒரு குட்டிப் பந்தைப் பிடித்தால் 150, அப்படியென்றால் மற்ற ஆறு பேரும் எதற்கு மைதானத்தில் நிற்கிறார்கள்? ஆனால் "அதை விட்டுவிட்டு வேதாளம் கதையை வாசி" என்று கொடுத்தால் பிள்ளைக்கு வேதாளமும் தண்டனையாகிவிடும். விக்கிரமாதித்தன் கதையையும் தெனாலிராமனையும் நானே தெரிந்து தருகிறேன், கசாயம் மாதிரிக் கொடுக்காமல் இரண்டையும் பக்கத்தில் வைத்துவிடுங்கள், எடுக்கிறபோது எடுக்கட்டும். கணவரை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள், போன் எடுக்கும்போது "படிச்சியா" என்று கேட்பதற்குப் பதிலாக "டொபிக்கு என்ன நடந்தது" என்று மகனிடம் கேட்கட்டும். ஒரு மணி நேரம் போன் வைக்க விடமாட்டான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கதையின் பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் வளர்கிறார்கள், கதையும் இருண்டுகொண்டு போகிறது. நான்காவதின் முடிவில் ஒரு மாணவன் சாகிறான். பிரிட்டனில் முதல் மூன்று படத்தையும் பெற்றோர் பார்த்துக்கொண்டால் போதும் என்று விட்டவர்கள், நான்காவதிலிருந்து 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை பெரிய ஆள் ஒருவரோடுதான் தியேட்டருக்கு வரலாம் என்று வைத்தார்கள். மகன் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, இனித் தடுத்துப் பயனில்லை. ஆனால் அடுத்த தடவை அவன் தனியாகப் போனில் பார்க்காமல் நீங்களும் பக்கத்தில் இருங்கள். கடிதம் முழுவதையும் இரண்டு தடவை வாசித்தேன், "ஏதோ ஒரு பாசி" என்று எழுதியிருக்கிறீர்கள். இருவரும் எதற்காகச் சண்டை பிடிக்கிறார்கள் என்பது நீதிபதிக்கே தெரியாது. முதல் புத்தகம் 223 பக்கம்தான் சகோதரி, படிக்கவே வேண்டும் என்று சொல்லவில்லை, மகள் தம்பிக்குச் சொல்லும்போது பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டாலும் போதும்.

அந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்று கேட்பீர்கள். நாளைக்கு இராச்சாப்பாட்டு நேரம் மகனிடம் சும்மா இதைக் கேளுங்கள்: மூன்றாவது படத்தில் ஹரியிடம் ஒரு மாயவரைபடம் இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் யார் எங்கே நடக்கிறார்கள் என்று காட்டுகிறது, அதை வாங்கி வைத்துக்கொள்கிற லூப்பின் வாத்தியாருக்கு அது வரைபடம் என்று எப்படித் தெரிந்தது? பார்த்தால் ஒரு வெற்றுக் கடதாசிதானே. அதில் நான்கு பட்டப்பெயர் எழுதியிருக்கிறதே, அவர்கள் யார்? எட்டுப் படத்தையும் இன்னொரு தடவை தலைகீழாகப் பார்த்தாலும் அவனுக்கு முழு விடை கிடைக்காது, படத்தில் அதை விட்டுவிட்டார்கள். புத்தகத்தில் இருக்கிறது. நீங்கள் சொல்லிவிடாதீர்கள், எனக்கும் போன் எடுத்துக் கேட்காதீர்கள். அலுமாரித் திறப்பு யாருடைய கழுத்தில் தொங்குகிறது என்று அவனுக்குத் தெரியும்.